திருமலையில் (திருகோணமலையில்) தமிழ் ஆசனம் எப்போதாவது உறுதியாக இருந்ததா? (1947–2024)

பாலையூற்றான்

நேற்று ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் தொடங்கின சண்டை இது. பாயாசம் முடிந்தும் முடியவில்லை. சித்தப்பா சொல்கிறார், திருகோணமலைப் பாராளுமன்ற ஆசனம் தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வா காலம் தொட்டுத் தமிழரின் கையில் இருந்தது, பிறகு கட்சிகள் தங்களுக்குள் அடிபட்டுக் கெடுத்துவிட்டன என்று. மச்சான் சொல்கிறான், கட்சி எல்லாம் சும்மா, எல்லை பிரித்ததும் சிங்களக் குடியேற்றமும்தான் காரணம் என்று. எனக்கு இரண்டிலும் பாதி உண்மை இருக்கிற மாதிரிப் படுகிறது.

நான் தேடி எடுத்த வரைக்கும் திருகோணமலைத் தொகுதி (மாவட்டம் இல்லை, பழைய தனித் தொகுதி) 1947இல் தமிழ்க் காங்கிரஸின் சிவபாலனுக்குப் போனது. 1952இல் இருந்து தமிழரசுக் கட்சியின் என். ஆர். இராஜவரோதயம். அவருக்குப் பின் மாணிக்கராஜா, 1970இல் நேமிநாதன், 1977இல் சம்பந்தன். எட்டுப் பொதுத்தேர்தல், எட்டிலும் தமிழர். பிறகு 1994 தொடங்கிப் பார்த்தால் ஒன்று, சைபர், ஒன்று, இரண்டு, ஒன்று என்று ஊஞ்சல் ஆடுகிறது. ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. திட்டுவதென்றால் தனியாக எழுதுங்கோ, இங்கே வேண்டாம்.

மனையாவெளி வாத்தியார்

தம்பி, சித்தப்பா ஒன்றை மறந்துவிட்டார். 1952 தேர்தலில் தந்தை செல்வாவே காங்கேசன்துறையில் தோற்றுப்போனார். கட்சி தொடங்கி மூன்று வருஷம்தான். வடக்கு கிழக்கு முழுக்கத் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது இரண்டே ஆசனம், ஒன்று கோப்பாயில் வன்னியசிங்கம், மற்றது திருகோணமலையில் இராஜவரோதயம். தலைவர் வெளியே நிற்க எங்கட ஆள் உள்ளே இருந்தார். திருமலைக்காரருக்குத் தமிழரசுக் கட்சியில் எப்போதும் கொஞ்சம் உரிமைக் கதை கூட என்றால் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். 1956 ஆகஸ்டில் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராக ஊர் ஊராக நடந்து வந்து மாநாடு வைத்ததும் இங்கேதான், யாழ்ப்பாணத்தில் இல்லை. என் அப்பப்பா அந்தக் கூட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினவர், அதைச் சொல்லியே நாற்பது வருஷம் ஓட்டினார்.

ஆனால் தொகுதி ஏன் உறுதியாக இருந்தது என்றால் காரணம் சாதாரணம். ஒரு தொகுதி, ஒரு ஆசனம், கூட வாக்கு எடுத்தவர் வெற்றி. பட்டினமும் சுற்றிவரத் தமிழ்க் கிராமங்களும் இருந்தன. முஸ்லிம் வாக்கின் பெரும்பகுதி மூதூர்த் தொகுதிக்குள் கிண்ணியாவோடு சேர்ந்து கிடந்தது. அந்த எட்டு வெற்றியிலும் மக்களின் பற்று எவ்வளவு, எல்லைக் கோடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

கோணேசர் கோயில் கதையையும் விடக்கூடாது. 1965இல் டட்லி அரசில் உள்ளூராட்சி அமைச்சராக இருந்த தமிழரசின் திருச்செல்வம் செனற்றர், தேர்தலில் வந்தவர் இல்லை. கோட்டைக்குள் கோயில் சுற்றாடலைப் புனிதப் பகுதியாக்குவது பற்றிப் பார்க்க அவர் போட்ட குழுவைப் பிரதமர் நிறுத்திவிட்டார். 1968இல் அவர் பதவியை விட்டார். அரசோடு சேர்ந்து போனால் என்ன கிடைக்கும் என்று இந்த ஊரில் யாரும் கேட்டால் பழசுகள் இன்னும் அந்தக் கதையைத்தான் எடுப்பார்கள்.

பாலையூற்றான்

நன்றி சேர். ஒரு சந்தேகம். 1952இல் வென்ற இராஜவரோதயம் சம்பந்தன் ஐயாவின் தகப்பன்தானே? இராஜவரோதயம் சம்பந்தன் என்றுதானே முழுப்பெயர். பந்தியில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

மனையாவெளி வாத்தியார்

இல்லை. பெயர் ஒன்று, ஆள் வேறு. சம்பந்தனின் தகப்பனும் இராஜவரோதயம்தான், ஆனால் அவர் கல்லோயாத் திட்டத்தில் களஞ்சியப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர், எம்.பி இல்லை. எம்.பியாக இருந்த என். ஆர். இராஜவரோதயம் 1963இல் காலமானார். இந்தக் குழப்பம் பத்திரிகைக்காரருக்கே வரும், பந்தியில் வராதா.

கிண்ணியாக் கரையான்

ஸலாம் எல்லாருக்கும். திருமலைத் தொகுதியின் கதை மட்டும் சொன்னால் அது பாதி மாவட்டம். மற்றப் பாதி மூதூர். அதை விட்டுவிட்டு 'தமிழ் ஆசனம்' என்று கணக்குப் போட்டால் விடை பிழைக்கும்.

மூதூரில் 1947இல் ஐதேக (ஐக்கிய தேசியக் கட்சி) சார்பில் அபூபக்கர், அதன் பிறகு எம். ஈ. எச். முகம்மது அலி. அந்த முகம்மது அலி 1956இல் தமிழரசுக் கட்சியில் நின்று வென்றவர், இன்றைக்குச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அப்புறம் மூதூரை இரட்டை அங்கத்தவர் தொகுதி ஆக்கினார்கள். ஒரு ஆளுக்கு இரண்டு வாக்கு. இரண்டையும் இரண்டு பேருக்குப் போடலாம், இரண்டு புள்ளடியையும் ஒரே ஆளுக்கும் போடலாம். சிறு தொகையாக இருக்கிற சமூகமும் வாக்கைச் சிதறவிடாமல் ஒரே ஆளுக்கு இரண்டையும் குத்தினால் ஒருவரைக் கொண்டுவரலாம் என்பதுதான் அதன் உள்விஷயம். 1970இல் அதுதான் நடந்தது, சுதந்திரக் கட்சியில் கிண்ணியா ஏ. எல். அப்துல் மஜீத், தமிழரசில் கிளிவெட்டி தங்கத்துரை. ஒரே தொகுதிக்கு முஸ்லிம் ஒருவர், தமிழர் ஒருவர். யாரும் யாரையும் தோற்கடிக்கத் தேவை இருக்கவில்லை.

எங்கட வாப்பா அந்தத் தேர்தலில் இரண்டு புள்ளடியையும் மஜீதுக்குப் போட்டவர். தோணித்துறையில் அவரோடு வேலை செய்த தமிழ் ஆள் இரண்டையும் தங்கத்துரைக்குப் போட்டாராம். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்தார்களாம். இதை வாப்பா பகிடியாகச் சொல்லுவார், எனக்கு அதில் பகிடி மட்டும் தெரியவில்லை.

1976 எல்லை நிர்ணயத்தில் அந்த இரட்டைத் தொகுதி போனது. சேருவில என்று புதிதாக ஒரு தொகுதி வந்தது. 1977இல் மூதூரில் ஐதேகவின் எம். ஈ. எச். மகரூப், சேருவிலயில் ஐதேகவின் லீலாரத்ன, திருமலையில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சம்பந்தன். சமூகத்துக்கு ஒன்று என்று பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் மூதூர்ப் பக்கத்துத் தமிழருக்கு அன்றோடு ஆள் இல்லை.

உவர்மலை உதயன்

அழகா? நானா, சேருவில எப்படி வந்தது என்று சொல்லாமல் போகிறீங்களே. கந்தளாய், அல்லை, முதலிக்குளம் என்று வரிசையாகக் குடியேற்றி, ஆட்கள் சேர்ந்த பிறகு அவர்களுக்கு ஒரு தொகுதி கீறினார்கள். 1981 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தில் மூன்று சமூகமும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. பாலையூற்றானின் மச்சான் சொன்னதுதான் சரி, மற்றதெல்லாம் வீண் ஆராய்ச்சி.

கிண்ணியாக் கரையான்

நான் இல்லையென்று சொல்லவில்லையே தம்பி. ஆனால் குடியேற்றம் மட்டும் என்றால் 2004இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு இரண்டு ஆசனம் எப்படி வந்தது? அப்போது குடியேற்றம் திரும்பிப் போய்விட்டதா?

தோப்பூர் மருமகள்

இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கோ. நான் சம்பூரில் பிறந்து தோப்பூர்ப் பக்கம் கலியாணம் முடித்தவள், எனக்குச் சொல்ல இருக்கிறது.

தங்கத்துரை ஐயா 1977க்குப் பிறகு பதினேழு வருஷம் கழித்து 1994இல்தான் திரும்பப் பாராளுமன்றம் போனார். இடையில் 1983இல், தனிநாடு கேட்கமாட்டேன் என்று சத்தியம் கேட்ட ஆறாம் திருத்தத்தோடு கூட்டணிக்காரர் எல்லாருக்கும் ஆசனம் போனது. 1989 தேர்தலில் தமிழ் வாக்கு ஈரோஸ் இயக்கத்தின் ஆதரவுச் சுயேச்சைக் குழுவின் பக்கம் சாய்ந்தது, சம்பந்தன் ஐயாவும் தோற்றார். ஈரோஸ்காரரும் அடுத்த வருஷமே பதவியை விட்டுவிட்டார்கள். ஆக 1983 முதல் 1994 வரை எங்களுக்கு எம்.பி என்று ஒரு ஆள் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. 1997 ஜூலை 5ஆம் திகதி தங்கத்துரை ஐயாவை ஸ்ரீ சண்முகா கல்லூரி விழாவில் கொன்றார்கள். அதே மாதம் 20ஆம் திகதி மகரூப் சேரையும் கொன்றார்கள். அப்துல் மஜீத் சேர் அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே, 1987இல். 1970இல் மூதூரில் வென்ற இருவருமே கொல்லப்பட்டார்கள், 1977இல் வென்றவரும் அப்படியே. தொகுதியின் தேர்தல் வரலாறு என்று எழுதுகிறவர்கள் வாக்குத் தொகையை மட்டும் எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

தங்கத்துரை ஐயாவின் இடத்துக்குத்தான் சம்பந்தன் ஐயா 1997இல் வந்தார். பட்டியலில் அடுத்த ஆள் அவர். 2000 தேர்தலில் மாவட்டத்தில் ஒரு தமிழரும் இல்லை. ஒருவரும் இல்லை. எங்கட ஊரில் அன்றைக்கு இரவு செத்த வீடு மாதிரி இருந்தது.

பாலையூற்றான்

அந்தச் சைபர்தானே 2001இல் கூட்டமைப்பு உருவாக ஒரு காரணம்?

மனையாவெளி வாத்தியார்

ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம். கூட்டணி, காங்கிரஸ், டெலோ, ஈபிஆர்எல்எவ் என்ற தமிழ்க் கட்சிகள் எல்லாம் 2001 ஒக்டோபரில் ஒன்றாக வந்து கூட்டணியின் சூரியன் சின்னத்தில் கேட்டார்கள், ஆசனம் திரும்ப வந்தது. பிறகு கூட்டணியின் ஆனந்தசங்கரியாரோடு சின்னத்துக்கான சண்டை வந்து 2004இல் தமிழரசின் வீட்டுச் சின்னத்துக்கு மாறினார்கள். யாழ்ப்பாணத்தில் பிரிந்து நின்றாலும் நாலு பேர் வருவார்கள். இங்கே பிரிந்தால் ஒருவரும் வரமாட்டார் என்று 2000 காட்டியது. ஒற்றுமை என்ற பேச்சு யாழ்ப்பாணத்துக்குக் கொள்கை, திருமலைக்கு அது சோறு.

கணக்கன்

இந்த இழையை இவ்வளவு நேரம் பேசாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். உதயனின் கேள்விக்கும் கரையான் நானாவின் கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது, எண்ணும் முறையில். தொழிலில் கணக்காய்வாளன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

இப்போதைய முறையில் மாவட்டத்துக்கு நாலு ஆசனம். முதலாவதாக வருகிற பட்டியலுக்கு ஒன்று சும்மா கிடைக்கும், போனஸ். ஐந்து சதவீதத்துக்குக் கீழே எடுத்த கட்சிகளைக் கழித்துவிடுவார்கள் (1988க்கு முன் அது பன்னிரண்டரை என்று இருந்தது). தேறியவர்களின் வாக்கை எல்லாம் கூட்டி மூன்றால் பிரித்தால் ஒரு ஆசனத்தின் 'விலை' வரும். விலையை முழுதாகக் கட்டியவருக்கு ஆசனம். மிஞ்சிய ஆசனத்தை யாரிடம் மிச்ச வாக்கு கூட இருக்கிறதோ அவருக்கு.

2004ஐ எடுங்கோ. வீடு 68,955. முஸ்லிம் காங்கிரஸின் மரம் 65,187. சுதந்திர முன்னணி (சுதந்திரக் கட்சியின் கூட்டு) 31,053. ஐதேக 15,693. கூட்டினால் 180,888, மூன்றால் பிரித்தால் 60,296. வீட்டுக்கு ஒன்று முழுதாக, மரத்துக்கு ஒன்று முழுதாக. மிச்சத்தில் சுதந்திர முன்னணியின் 31,053தான் பெரியது, அவர்களுக்கு ஒன்று. போனஸ் வீட்டுக்கு. ஆகவே இரண்டு: சம்பந்தன், துரைரெட்ணசிங்கம்.

இப்போது வித்தியாசத்தைப் பாருங்கோ. வீட்டுக்கும் மரத்துக்கும் இடையில் 3,768. ஒரு 1,900 பேர் மாறிக் குத்தியிருந்தால் போனஸ் மரத்துக்குப் போய், முஸ்லிம் காங்கிரஸ் இரண்டு, கூட்டமைப்பு ஒன்று. மக்கள் தொகையும் குடியேற்றமும் அன்று காலையில் எப்படி இருந்ததோ மாலையிலும் அப்படித்தான், ஆசனம் மட்டும் தலைகீழ். அதனால்தான் குடியேற்றம் மட்டும் என்ற கதையை நான் ஏற்கமாட்டேன் உதயன். எல்லையும் குடியேற்றமும் பலகையைச் சாய்த்தன, சரி. பலகையில் காய் உருண்ட விதம் வேறு விஷயம்.

உவர்மலை உதயன்

சரி கணக்கு விளங்குகிறது. ஆனால் 68,955 எங்கே, ஆறு வருஷம் கழித்து 33,268 எங்கே? பாதிக்கும் கீழே. இது மிச்ச வாக்கா? இது ஆட்கள் இல்லாமல் போனது.

தோப்பூர் மருமகள்

நான் சொல்கிறேன். 2006இல் சம்பூர் போனது. செல்லடி, ஓட்டம், வாகரை, பிறகு மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டியில் தகரக் கொட்டில். 2010 தேர்தலுக்கு எங்கட குடும்பத்தில் ஏழு பேருக்கு வாக்கு இருந்தது, போட்டது இரண்டு பேர். அம்மாவின் அடையாள அட்டை ஓடும்போது தொலைந்தது. புதிதாக எடுக்கப் போனால் ஒரு அலுவலகத்தில் கிராம சேவகரின் கடிதம் கேட்டார்கள், எங்கட கிராமமே உயர் பாதுகாப்பு வலயம், சேவகர் எங்கே என்று அவருக்கே தெரியாது. அண்ணன்மார் இரண்டு பேர் வெளிநாடு. வாக்கு இடாப்பில் பெயர் கிடந்தது, ஆள் கிடக்கவில்லை. 2015க்குப் பிறகுதான் காணிக்குள் திரும்பிப் போனோம்.

கணக்கன்

அக்கா சொன்னதற்கு மேலே சொல்ல என்னிடம் எண் எதுவும் இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த 2010இல் மாவட்டம் முழுக்கவே செல்லுபடியான வாக்கு ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்துக்குக் கிட்டத்தான். 2004இல் அது ஒரு இலட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியது. அந்தக் குறைவில் தமிழ்ப் பக்கத்துப் பங்கு பெரியது. வெற்றிலைக்கு (சுதந்திர முன்னணி) 59,784, இரண்டு ஆசனம். யானைக்கு (ஐதேக) 39,691, ஒன்று. வீட்டுக்கு ஒன்று.

கிண்ணியாக் கரையான்

2015இல் யானைக்கு 83,638. அதில் முக்கால்வாசி எங்கட பக்கத்து வாக்கு என்று நான் அடித்துச் சொல்வேன், கணக்கன் சண்டைக்கு வரவேண்டாம். வந்தது இரண்டு பேர், இரண்டு பேரும் மகரூப்: அப்துல்லா மஹ்ரூப், மற்றவர் பழைய மகரூப் சேரின் மகன் இம்ரான். வெளியூர்ப் பத்திரிகை ஒன்று இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கி எழுதியதாக ஒரு கதை ஓடியது, உண்மையோ பொய்யோ நாங்கள் ஒரு கிழமை சிரித்தோம். மஜீத் சேரின் மகன் நஜீப் அதற்கு முன்னால் 2012இல் கிழக்கு முதலமைச்சர். கிண்ணியாவில் அரசியல் வீட்டுக்கு வீடு வழிவழி வருகிறது. பாலம் 2009இல்தான் வந்தது, எம்.பி மட்டும் எப்போதோ வந்துவிட்டார்.

மனையாவெளி வாத்தியார்

அதே 2015இல் 45,894 வாக்கோடு ஒரு ஆசனத்தில் வந்த சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அமிர்தலிங்கத்துக்குப் பிறகு அந்தக் கதிரையில் இருந்த தமிழர் அவர்தான். துரைரெட்ணசிங்கமும் தேசியப் பட்டியலில் உள்ளே போனார், ஆக அந்த முறை மாவட்டத்துக்குக் கூட்டமைப்பில் இரண்டு பேர் என்றே சொல்லலாம். ஆனால் ஊரில் அவரைத் திட்டாத நாள் இல்லை. கொழும்பில் இருக்கிறார், வரமாட்டார், வயது போய்விட்டது. 2015இல் 33,834 விருப்பு வாக்கு, 2020இல் 21,422. நானும் திட்டியவன்தான், ஒளிக்கவில்லை. 2024 ஜூன் 30ஆம் திகதி அவர் போன செய்தி வந்தபோது உடல் ஊருக்கு வந்து சேரும் வரை தூங்கவில்லை. திட்டினதுக்கும் தூங்காததுக்கும் இடையில் என்ன என்று கேட்காதீங்கோ.

பாலையூற்றான்

அப்போ 2024? சம்பந்தன் ஐயா இல்லாத முதல் தேர்தல். வீடு 34,168தான், ஆனாலும் குகதாசன் வந்தார். சித்தப்பா சொல்கிறார், 'பார்த்தாயா, எங்கட ஆசனம் எங்கேயும் போகாது' என்று.

கணக்கன்

சித்தப்பாவுக்கு இதைக் காட்டு தம்பி. திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) 87,031, டெலிபோன் (சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்தி) 53,058, வீடு 34,168. இந்த மூன்று பட்டியலை மட்டும் வைத்துக் கூட்டினால் 174,257, ஆசனத்தின் விலை 58,086க்குக் கிட்ட. விலையைக் கட்டியது திசைகாட்டி மட்டும். போனஸும் அதற்கு. மற்ற இரண்டு ஆசனமும் மிச்ச வாக்கில் போனவை. டெலிபோன் பிரச்சினை இல்லை. கடைசி ஆசனத்துக்குப் போட்டி யார் யாருக்கு? வீட்டின் 34,168க்கும் திசைகாட்டியின் மிச்சம் 28,945க்கும். இடைவெளி 5,200 சொச்சம். இன்னும் ஒரு 2,700 பேர் வீட்டை விட்டுத் திசைகாட்டிக்குக் குத்தியிருந்தால் அவர்களுக்கு மூன்று, வீட்டுக்கு 2000ஆம் ஆண்டு மாதிரிச் சைபர். செப்டம்பர் சனாதிபதித் தேர்தலில் சஜித்துக்கு முதலிடம் கொடுத்த மாவட்டம் நவம்பரில் திசைகாட்டிக்குத் திரும்பியது, எட்டுக் கிழமைக்குள். அப்படி உருளுகிற இடத்தில் 2,700 என்பது ஒன்றுமே இல்லை.

உவர்மலை உதயன்

திருமலையில் மட்டும் சங்குச் சின்னத்துத் தமிழ்க் கட்சிக்காரர் வீட்டோடு சேர்ந்து ஒரே பட்டியலில் நின்றார்கள். தனித்தனியே நின்றிருந்தால் போயிருக்கும் என்கிறீங்களா?

கணக்கன்

போயிருக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் நான் அந்தப் பந்தயத்தில் காசு கட்டமாட்டேன்.

தோப்பூர் மருமகள்

எனக்கு ஒன்று உறுத்துகிறது. திசைகாட்டிக்குப் போன வாக்கில் தமிழ் வாக்கும் முஸ்லிம் வாக்கும் இருக்கிறது. என் மகளே போட்டாள், 'திசைகாட்டியின் அருண் ஹேமச்சந்திராவோடு நேரே தமிழில் கதைக்கலாம் அம்மா' என்கிறாள். அவள் போட்ட வாக்கைத் 'தமிழ் ஆசனத்தைக் குறைத்த வாக்கு' என்று எந்தத் துண்டில் எழுதுவீங்கள் கணக்கன் அண்ணை?

கணக்கன்

அந்தத் துண்டு என்னிடம் இல்லை அக்கா.

கிண்ணியாக் கரையான்

எனக்குத் திரும்பத் திரும்ப அந்த இரட்டைத் தொகுதிதான் நினைவில் வருகிறது. ஒருவர் வந்தால் மற்றவர் போகவேண்டும் என்றில்லாத ஒரே காலம் அது. அதையே இப்போது கேட்டால் கொண்டுவரமாட்டார்கள், தெரியும்.

பாலையூற்றான், வாற வெள்ளி பின்னேரம் பாலத்தடிக்கு வந்தால் வாப்பாவைச் சந்திக்கலாம். எண்பத்தெட்டு வயது, காது கொஞ்சம் மந்தம், 1970 மட்டும் நல்லாக் கேட்கும். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.

பாலையூற்றான்

சித்தப்பா வருவார். மச்சானையும் கொண்டு வரட்டா?

கிண்ணியாக் கரையான்

கொண்டு வா. வாப்பாவுக்குச் சண்டை என்றால் உயிர்.